லைட்டர் ஓட்டையில் வரும் கரண்ட்

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து ஒரகடத்துக்கு லோடு வண்டியில் போவதை யாரும் சுற்றுலா என்று சொல்லமாட்டார்கள். 1964-ல் தொடங்கிய அந்தப் பேட்டையின் சந்துகளில் உருவாகும் பிளாஸ்டிக், ரப்பர், தகடு உதிரிகள் தினமும் டிரே டிரேயாகத் தென்மேற்கே போகின்றன. சாயங்காலம் காலி டிரேக்கள் திரும்பி வருகின்றன. கார்த் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதப் போகிறவர்கள் ரோபோவைப் பார்த்து வியந்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்த ரோபோவின் கைக்கு உதிரியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆளோடு உட்கார்ந்து போய்ப் பார்க்கலாமே என்று தோன்றியது. தெரிந்தவரின் பட்டறையில் சொல்லிவைத்து, ஒரு பிக்கப்பின் இடதுபக்க இருக்கையைப் பிடித்தேன்.

ஓட்டுநர் திண்டிவனம் பக்கத்துக்காரர். "ஒரகடத்துல பாக்கறதுக்கு என்னா சார் இருக்குது? கம்பெனிதான் இருக்குது" என்றபடியே சாவியைத் திருகினார். டேஷ்போர்டு விழித்துக்கொண்டது. ஒரு செல்போன் மினுக்கியது, இன்னொன்று 'டிங்' என்றது, கையகல விசிறி சுற்றத் தொடங்கியது, பிள்ளையாருக்குப் பின்னால் நீல விளக்கு ஓடியது. எல்லா வயரும் கியர் ராடுக்கு முன்னால் இருந்த ஒரே ஓட்டையில் போய் முடிந்தன. கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டை. அதில் மூன்று வாய் வைத்த ஸ்ப்ளிட்டர் ஒன்று செருகியிருந்தது. புகைபிடிக்காத அந்த மனிதரும் அதை 'லைட்டர்' என்றுதான் சொன்னார். "லைட்டர்ல குத்துங்க சார், உங்க போனையும்."

அன்றைக்கு முழுக்க நான் பார்த்த காட்சி அந்த ஓட்டைதான்.

பூந்தமல்லியின் மெட்ரோ தூண்களைத் தாண்டி பெங்களூர் சாலையில் ஏறியதும் வண்டி சீரானது. செம்பரம்பாக்கம் ஏரி இடதுகைப் பக்கம் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஓட்டுநரின் போன் வழி சொல்லிக்கொண்டே வந்தது. அவருக்கு வழி தெரியாமல் இல்லை. வண்டி எங்கே வருகிறது என்று பட்டறைக்காரருக்கும் கம்பெனிக்காரருக்கும் தெரிய வேண்டும், அதற்காக லைவ் லொக்கேஷன். போன் அணைந்தால் வண்டியே காணாமல் போனதுபோலப் பதறுவார்களாம்.

சுருட்டும் சிகரெட்டும் பிடிப்பவர்களுக்காக வந்த ஓட்டை இது. 1921-ல் அமெரிக்காவில் ஜோஷுவா மாரிஸ் என்பவர், வயரோடு பிணைந்திராமல் கையோடு கழற்றி எடுக்கக்கூடிய கார் லைட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். பின்னால் அது மெருகேறியது. குமிழை உள்ளே அழுத்தினால் சுருள்கம்பி சிவக்கும். சிவந்ததும், பிடித்துக்கொண்டிருக்கும் ஈருலோகத் தகடுகள் சூட்டில் விரிந்து பிடியை விட, ஸ்பிரிங் குமிழை வெளியே தள்ளிவிடும். சில நொடி வேலை. அந்தச் சில நொடிக்குக் கணிசமான மின்சாரம் வேண்டும் என்பதால் தடித்த வயரும் தனி பியூஸும் போட்டார்கள். 1950-களில் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. பிறகு சிகரெட்டின் மவுசு இறங்கியது, லைட்டர் குமிழ் காணாமல் போனது. வயரும் பியூஸும் ஓட்டையும் மட்டும் நின்றுவிட்டன. வீட்டுச் சுவர் பிளக் நாட்டுக்கு நாடு மாறுகிறது. வண்டிக்குள் மட்டும் சிகாகோவிலும் செங்கல்பட்டிலும் ஏறக்குறைய அதே ஓட்டை.

மின்சாரம் எடுக்க இதைவிட மோசமான வடிவத்தை யாரும் வேண்டுமென்று வரைந்திருக்க முடியாது. அடியில் நடுவே ஒரு பொட்டு, அது பாசிட்டிவ். சுற்றியுள்ள உலோகச் சுவர் நெகட்டிவ். பிளக்கின் மூக்கிலுள்ள ஸ்பிரிங் பொட்டைத் தொடவேண்டும். தொடும்போதே அது பிளக்கை வெளியே தள்ளவும் செய்கிறது. பக்கத்துக் கம்பிகளின் பிடிமானத்தில்தான் பிளக் நிற்கிறது. நம் சாலைப் பள்ளங்களில் நாள் முழுக்க உதறும் பிக்கப்பில் அது எத்தனை நேரம் நிற்கும்? தளர்ந்த இடத்தில் சூடு பிறக்கும், சூட்டில் பிளாஸ்டிக் இளகும். எங்கள் ஓட்டுநர் பிளக்கின் இடுக்கில் காகிதத்தை மடித்துச் சொருகியிருந்தார். எல்லாரும் செய்வதுதான். செய்யக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும், சூடாகிற இடத்தில் காகிதம் இருக்கலாமா?

பழைய லைட்டர் குமிழை எங்கிருந்தோ தேடி வாங்கி இன்றைய வண்டியில் செருகுகிற ரசிகர்களும் உண்டு. இப்போது வருகிற பல வண்டிகளில் அந்த ஈருலோகத் தகடு இல்லை. அழுத்திய குமிழை வெளியே தள்ள ஆளில்லை. சிவந்துகொண்டே போய் சாக்கெட்டை உருக்கும்.

இருங்காட்டுக்கோட்டை வந்தபோது வெயில் ஏறிவிட்டது. 1996-ல் இந்தியாவுக்கு வந்த ஹூண்டாய், 1998-ல் இங்கிருந்துதான் சான்ட்ரோவை வெளியே விட்டது. ஶ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் மட்டும் என்றிருந்தது, பிறகு 1991 மே 21-க்குப்பின் ராஜீவ் காந்தி கொலை என்றானது, சான்ட்ரோ வந்தபின் கார் என்றும் ஆனது. ஏற்றுமதிக் கார்களை அடுக்கிய நீளமான கேரியர் லாரிகள் எங்களைத் தாண்டிப்போயின. 2023-ல் இங்கே ஒருங்கிணைத்து விற்க ஆரம்பித்த அயானிக் 5 மின்காரில் ஒரு வசதி உண்டு: காரின் பெரிய பேட்டரியிலிருந்து வீட்டு மின்சாரம் போலவே எடுத்து 3.6 கிலோவாட் வரை சாதனங்களை ஓட்டலாம். 2025 ஜனவரியில் வந்த கிரெட்டா எலெக்ட்ரிக்கிலும் இந்த வசதியைக் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் எங்கள் பிக்கப்பின் ஓட்டை. 12 வோல்ட், 10 ஆம்பியர், பெருக்கினால் 120 வாட். அந்தக் காரில் எடுப்பதில் முப்பதில் ஒரு பங்கு.

அமெரிக்காவில் பிக்கப் என்பதே வேறு ஜாதி. 2021-ல் வந்த ஃபோர்டு எஃப்-150 ஹைபிரிட் பிக்கப்பின் பின்தொட்டியில் 7.2 கிலோவாட் வரை தரும் பிளக் பாயின்டுகள் இருந்தன. அந்த ஆண்டு பிப்ரவரியில் டெக்சாஸ் பனியில் உறைந்து மின்சாரம் போனபோது, சிலர் வண்டியிலிருந்து வயர் இழுத்து வீட்டில் ஹீட்டர் போட்டார்கள். விற்காமல் நின்ற வண்டிகளை மக்களுக்கு இரவலாகக் கொடுங்கள் என்று ஃபோர்டு தன் முகவர்களைக் கேட்டுக்கொண்டது. நமக்கும் அப்படி நாட்கள் வாய்த்தன. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் கரண்ட் வராத இரவுகளில் யாரிடம் கார் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில் செல்போன்கள் வரிசையில் காத்திருந்தன. 120 வாட்டில் ஹீட்டர் போட முடியாது, ஊருக்குப் பேசிவிட முடியும்.

ஶ்ரீபெரும்புதூருக்குள் நாங்கள் போகவில்லை. ஆதிகேசவப் பெருமாளுக்கு ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கும்பிட்டதோடு சரி.

இந்த ஊர்ப்பக்கத்துச் சிப்காட் தொழிற்பூங்காவில்தான் 2006-ல் நோக்கியா தொழிற்சாலை திறந்தது. 2014 நவம்பரில் நின்றுபோனது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களின் முதல் சம்பளம் அங்கேதான். அந்தக் காலத்துப் போனை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் போட்டால் புதன் வரை வரும். எந்த லோடு ஓட்டுநரும் அன்றைக்கு டேஷ்போர்டு ஓட்டையைத் தேடியதில்லை. ஓட்டை தூசி படிந்து கிடந்தது, பலர் அதில் பீடித் துண்டைப் போட்டுவைத்தார்கள். நோக்கியா மூடிய பிறகு அந்த வளாகத்தை வாங்க முன்வந்தது யார் தெரியுமா? சால்காம்ப். அதே நோக்கியா வளாகத்தில் துணை உற்பத்தியாளராக இருந்த, பின்லாந்தில் வேர்கொண்ட சார்ஜர் கம்பெனி. 2019 நவம்பரில் அறிவிப்பு வந்தது. சார்ஜ் குறைவாகக் கேட்ட போன் செய்த இடம், சார்ஜர் செய்யும் இடமாகப் போயிற்று. கதை எழுதுகிறவன் இப்படி வைத்தால் செயற்கை என்பார்கள்.

இன்றைய ஓட்டுநருக்குப் போன் இல்லாமல் ஒரு கிலோமீட்டர் ஓடாது. 2018-லிருந்து சரக்குக்கு இ-வே பில், போனில் வருகிறது. கேட்டில் காட்டும் இன்வாய்ஸ் வாட்ஸப்பில் வருகிறது. டீசலுக்கும் டீக்கும் பணம் போனில் போகிறது. வாடகை கிடைப்பதும் போனில்தான். பாஸ்டேக் ஒன்றுதான் இந்த ஓட்டையிடம் எதுவும் கேட்பதில்லை. 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயமான அந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. சுங்கச்சாவடிக் கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே தனக்கு வேண்டிய துளி மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறது. எல்லாப் பொருளும் அதைப்போல இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சுங்குவார்சத்திரம் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது. 2023-ல் ஐபோன் 15 வந்தபோது ஆப்பிள் தன் பழைய முனையை விட்டு டைப்-சிக்கு மாறியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இறுதியிலிருந்து எல்லாப் போனுக்கும் அதே முனைதான் என்று சட்டம் போட்டிருந்தது. பிரஸ்ஸல்ஸில் போட்ட சட்டத்தின் நன்மை எங்கள் பிக்கப்புக்கும் வந்தது. "முன்ன மூணு வாய் வச்ச கேபிள் வாங்கிவைப்போம் சார். ஏறுற கிளீனர் கிட்ட ஒரு போன், சூப்பர்வைசர் கிட்ட ஒரு போன். இப்ப ஒரே வயரு" என்றார் ஓட்டுநர். முனை ஒன்றானது. அந்த வயரின் மறுமுனை செருகும் ஓட்டைக்கு மட்டும் நூறு வயது.

ஶ்ரீபெரும்புதூரிலிருந்து தெற்கே திரும்பும் சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் வல்லம், வடகால், ஒரகடம். ஒரகடத்தில் இந்தச் சாலையை வண்டலூர்-வாலாஜாபாத் சாலை வெட்டுகிறது. இரண்டையும் ஆறுவழியாக அகலப்படுத்தி மேம்பாலமும் போட்டிருக்கிறார்கள். ஏரியும் பனையும் இருந்த இடத்தில் சுற்றுச்சுவர்கள். 2010-ல் ரெனோ-நிஸ்ஸான், 2012 ஏப்ரலில் பாரத்பென்ஸ் லாரி செய்யும் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர், யமஹா என்று பலகைகள் ஓடின. ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டில் 2022-ல் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகளும் ரோமானிய ஜாடித் துண்டுகளும் கிடைத்தன. ஏற்றுமதி-இறக்குமதி இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

மேம்பாலத்துக்கு முன்பாகச் சாலையோரம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை. தகரக் கொட்டகை, பழைய பேட்டரிகள், கொக்கியில் தொங்கும் வயர் சுருள்கள். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். ஸ்ப்ளிட்டரின் ஒரு வாய் விட்டுவிட்டு வேலை செய்தது. கடைக்காரர் பெரியவர். பிளக்கை உருவி மோந்து பார்த்தார். பியூஸ் பெட்டியைத் திறந்தார்.

"யாருப்பா இதுல முப்பது போட்டது?"

"பதினஞ்சு அடிக்கடி போவுதுண்ணே. அதான் பச்சை போட்டுக் குடுத்தாங்க."

"பியூஸ் போறது வண்டிய காப்பாத்தத்தான். பச்சை போட்டா பியூஸ் போவாது, வயரிங் போவும்."

தகடு பியூஸுக்கு நிறம்தான் மொழி. 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சாக்கெட்டுக்கு வரும் வயரின் பருமனைப் பார்த்துக் கம்பெனி நீலத்தையோ மஞ்சளையோ வைத்திருக்கும். அதற்குமேல் போட்டால் முதலில் எரிவது பியூஸ் அல்ல, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் வயர். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் பியூஸ் இடத்தில் வைக்கும் மகானுபாவர்களும் இருக்கிறார்கள் என்று பெரியவர் சொன்னார். அவர்களுக்கு எந்தக் கையேடும் உதவாது.

வண்டியில் கூடுதல் விளக்கு, காற்றடிக்கும் பம்ப், சின்ன இன்வெர்ட்டர் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு அவர் செய்து தருவது வேறு. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே தனி பியூஸ், நடுவில் ரிலே. லைட்டரைத் தொடுவதில்லை. டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்புகள் பல, 10 ஆம்பியர் வரை ஒரே மூச்சாக இழுக்கும். அதை ஓட்டும்போது ஸ்ப்ளிட்டரில் மற்றதெல்லாம் கழற்றியிருக்க வேண்டும், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். போன் சார்ஜர் பாவம், அதிகம்போனால் 20 வாட், 30 வாட். விசிறியும் அப்படித்தான். வீட்டிலிருந்து கொண்டுவரும் ரைஸ் குக்கரை இன்வெர்ட்டரில் மாட்டுவேன் என்றால் மட்டும் பெரியவருக்குக் கோபம் வந்துவிடும்.

பக்கத்தில் நின்ற லாரிக்காரர் ஒருவர் கருகிய விசிறியைக் கொண்டுவந்திருந்தார். பாரத்பென்ஸ், டாரஸ் போன்ற பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட். ஓட்டை அதே ஓட்டை, உள்ளே வருவது இரட்டிப்பு. பிக்கப்புக்கு வாங்கிய 12 வோல்ட் விசிறியை லாரியில் செருகினால் கொஞ்ச நேரம் புயலாகச் சுற்றும், பிறகு புகை. செல்போன் சார்ஜர்களில் '12–24 வோல்ட்' என்று அச்சடித்தவை இரண்டிலும் ஓடும். வெறும் '12' என்றிருந்தால் லாரிப் பக்கம் போகக்கூடாது. சிலர் புத்திசாலித்தனமாக, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் எடுத்து 12 வோல்ட் ஓட்டுகிறார்கள். அந்தப் பேட்டரி எப்போதும் அரைப்பட்டினி, மற்றது மிதமிஞ்சிய சார்ஜில் வேகும். ஆறு மாதத்தில் இரண்டையும் மாற்ற வேண்டிவரும் என்றார் பெரியவர். 24-ஐ 12 ஆக்கும் மாற்றி தனியாக விற்கிறது, அதைப் போடுவதுதான் முறை.

முப்பதை எடுத்துவிட்டு நீலம் போட்டார், சாக்கெட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். காசு கேட்டது டீச்செலவு அளவுதான்.

இதே ஒரகடத்தில் மத்திய அரசின் திட்டத்தில் எழுந்த உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வண்டியின் மின்கருவிகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்கின்றனவா என்று சோதிக்கத் தனிக்கூடம் வைத்திருக்கிறார்கள். வெளி ரேடியோ அலை எதுவும் நுழையாத அறை. அந்த மையத்தின் வாசல் சாலையில் போகிற பிக்கப்புகளில், சிக்னலில் வாங்கிய சார்ஜரைச் செருகினால் எஃப்.எம். இரைகிறது. மலிவு சார்ஜரின் உள்ளே அலைகளை அடக்கும் உதிரிகளைச் சேர்ப்பதில்லை, அதனால்தான் அந்த இரைச்சல். சோதனைக்கூடத்துக்கும் சிக்னல் வியாபாரத்துக்கும் இடையில் இருக்கும் தூரம் கிலோமீட்டரில் கொஞ்சம்தான்.

பிறகு வந்தது கேட். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. எல்லாக் கேட்டும் ஒரேமாதிரிதான் என்று ஓட்டுநர் சொன்னார். டோக்கன் வாங்கினோம். வரிசையில் முன்னால் லாரிகள், பிக்கப்புகள், இரண்டு குட்டியானை. உள்ளே எப்போது கூப்பிடுவார்கள் என்பது உற்பத்தி வரிசையின் கையில். வேண்டிய நேரத்துக்கு வேண்டிய உதிரி மட்டும் உள்ளே வரும் முறையை ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்ததாகப் பாடப்புத்தகங்கள் புகழும். கிடங்கு வேண்டாம், முதலீடு மிச்சம் என்பார்கள். கிடங்கு எங்கும் போகவில்லை. கேட்டுக்கு வெளியே டயர் வைத்து, ஓட்டுநரை உட்காரவைத்து நிற்கிறது.

என்ஜினை அணைத்தார். அணைத்த நொடியிலிருந்து அந்த ஓட்டை வேறு பொருளாகிவிடுகிறது. ஓடும்போது ஆல்டர்நேட்டர் 14 வோல்ட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கும், எடுக்க எடுக்க வரும். நின்றபின் பேட்டரியின் சேமிப்பு மட்டும். எங்கள் வண்டியில் 65 ஆம்பியர்-மணி பேட்டரி. ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக கையில் இருப்பது முப்பது சொச்சம். விசிறி, இரண்டு போன், பிள்ளையார் விளக்கு சேர்ந்து 4 ஆம்பியர் என்று வையுங்கள். ஆறு மணி நேரத்தில் 24 போய்விடும். புதுப் பேட்டரி என்றால் தாங்கும். மூன்று வருடப் பேட்டரியாக இருந்தால், டோக்கன் நம்பரைக் கூப்பிடும் நேரத்தில் செல்ஃப் எடுக்காது. பின்னால் நிற்கும் வண்டிக்காரர்கள் சேர்ந்து தள்ள வேண்டியதுதான். 5 ஆம்பியர் இழுக்கும் சின்னக் குளிர்ப்பெட்டியை அதில் மாட்டித் தூங்கியவர்களின் காலை இப்படித்தான் விடிகிறதாம். பேட்டரியைக் காப்பாற்ற என்ஜினை ஓடவிட்டால் மணிக்கு அரை லிட்டருக்குமேல் டீசல். அந்த டீசல் ஓட்டுநர் கணக்கு.

டீ போடுகிற ஆசையையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 வோல்ட் கெட்டில்கள் விற்கின்றன. அரை லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து கொதிக்க, சூடு சிதறாமல் இருந்தாலே 120 வாட்டில் இருபது நிமிடம். நடைமுறையில் அரை மணிக்கு மேல். எதிரே இருந்த கடையில் இரண்டு நிமிடத்தில் டீ வந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது விசிறி அனலைத்தான் சுழற்றியது. கண்ணாடிக்குக் கீழே வைத்த போன் 'சூடாகிவிட்டேன்' என்று எச்சரித்துச் சார்ஜ் ஏறுவதை நிறுத்தியது. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்குமேல் சார்ஜ் செய்தால் கெடும், அதனால் போனே தன்னைத் தடுத்துக்கொள்கிறது. டேஷ்போர்டின் மேல்தட்டு அதைவிடச் சூடாக இருந்தது. ஓட்டுநர் போனை எடுத்து இருக்கைக்குக் கீழே நிழலில் வைத்தார். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்ல விதி. ஆனால் அது மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்குத்தான். பொலேரோ பிக்கப்பும் தோஸ்தும் குட்டியானையும் அதற்குள் வராது. வண்டி மூன்றரை டன்னுக்குக் கீழே இருந்தால் ஓட்டுநருக்கு வியர்வை குறைவாக வரும் என்று யாரோ கணித்திருக்க வேண்டும். இவர்களின் ஏ.சி. இந்த ஓட்டையில் சுற்றும் கையகல விசிறிதான்.

வரிசை நகரவில்லை. பக்கத்து வண்டிக்காரர் வந்து, "அண்ணே, கொஞ்சம் உங்க லைட்டர்ல குத்திக்கட்டுமா? என்னோடது செத்துருச்சு" என்று கேட்டார். எங்களவர் தன் இரண்டாவது போனைக் கழற்றிவிட்டு அந்த வாயைக் கொடுத்தார். யாரும் நன்றி சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டின் உள்பக்கம் செக்யூரிட்டி அறைச் சுவரில் பிளக் பாயின்ட் தெரிந்தது. கேட்டுப் பார்க்கலாமே என்றேன். "அது ஸ்டாஃபுக்கு சார்" என்றார் இருவரும் ஒரே குரலில்.

திரும்பும்போது வல்லம் வடகால் வழியாகவே வந்தோம். சிப்காட் அங்கே 706.50 கோடி ரூபாயில் கட்டிய பெண் தொழிலாளர் விடுதி, 18,720 பேர் தங்கலாம்; 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். வேலைக்கு வருகிறவளுக்குப் படுக்கையும் கழிப்பறையும் வேண்டும் என்று தமிழ்நாடு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அந்தக் கட்டடம். போராட்டங்களுக்குப் பின்னால்தான் அதெல்லாம் வருகிறது என்பதும் உண்மை. லோடு கொண்டுவருகிற ஓட்டுநர் எந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலிலும் இல்லை. அதனால் எந்தத் தொழிற்சங்கத்தின் கோரிக்கையிலும் அவருடைய பிளக் பாயின்ட் இல்லை.

இன்றைய ஸ்மார்ட்போன் ஒன்றை முழுதாக நிரப்ப, வீணாவதையும் சேர்த்து, ஏறக்குறைய 25 வாட்-மணி ஆகும். நாற்பது போன் நிறைந்தால் ஒரு யூனிட். ஒரு நாளில் நூறு ஓட்டுநர் வந்து போகும் கேட்டுக்கு இரண்டரை யூனிட். தெருவிளக்கு ஒன்றே ஓரிரவில் அதில் ஒரு நல்ல பங்கைத் தின்றுவிடும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே கொட்டகை போட்டு, பெஞ்சும் குடிநீரும் வையுங்கள், சுவரில் பத்து பிளக் பாயின்டும் இரண்டு மின்விசிறியும் மாட்டுங்கள். இதற்கு அரசாணையும் வேண்டாம், ஜப்பான் நிபுணரும் வேண்டாம். ஆலைப் பராமரிப்பு எலக்ட்ரீசியனுக்கு அரைநாள் வேலை.